அடித்தல் திருத்தல் இல்லாத கொப்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது, எல்லாவற்றையும் இப்போது சிரித்துக்கொண்டு பார்க்கிறேன் என்று எழுதினால் வாசிக்கச் சுகமாக இருக்கும். என் வயதுக்காரர்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீங்களும் என்னைப்போல ஐம்பதை நெருங்கிவிட்டீர்கள். முழங்காலுக்குத் தைலம் பூசுகிறீர்கள், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுகிறீர்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை மட்டும் நம்மில் ஒருவரும் மறக்கவில்லை. எனக்கு இரசாயனத்தில் அறுபத்தொன்று.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், பியர்பொன்ட்ஸில் ஒரு வரிசை வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தோம். மேலே வீட்டுக்காரர், கீழே நாங்கள். எங்கள் யன்னல் தரைமட்டத்தில் இருந்தது. மார்கழியில் பனி அதை மூடிவிட்டால் பங்குனிவரைக்கும் பகலிலும் விளக்குத்தான். சூடாக்கி ஓடத் தொடங்கும்போது ஒரு கருகல் மணம் வரும், பிறகு அம்மாவின் தாளிதம் அதை அமுக்கிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். சப்பாத்துக்குள் ஈரம், கையுறைக்குள் ஈரம். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கடைசி வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு இரசாயன வகுப்பு இருந்தது. பள்ளியில் இருந்தபடியே படித்து, எழுபத்தைந்துக்கு மேல் எடுத்தால், கல்லூரியில் அந்தப் பாடம் முடித்ததாகவே கணக்கு. அந்த வகுப்புக்கு இருபது பேரைத்தான் எடுத்தார்கள். தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரியில் விஞ்ஞானப் பிரிவில் சேரவேண்டும், முதல் வகுப்பைத் தாண்டி நேரே இரண்டாவதில் போய் உட்காரவேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை. வேறு பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங், சினிமா, பொடியன்கள். எனக்கு எழுபத்தைந்து.

அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். இங்கே ஒரு பெட்டித் தொழிற்சாலையில் அட்டை மடித்தார். ஆனால் வீட்டுக்குள் அவர் கச்சேரியை விட்டு ஒருநாளும் வெளியே வரவில்லை. மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதென்றாலும் முதலில் றஃப், பிறகு நல்ல பிரதி. ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுத் தாளையும் கிழித்துப் புதிதாக எழுதுவார்.

நான் முதலாவது ஆய்வுகூடக் குறிப்பைக் கொண்டுவந்தபோது அதை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கறுப்பு மையில் எழுதி, வெட்டி, அம்புக்குறி போட்டு, மூலையில் ஏதோ அமிலம் பட்டுப் பழுப்பாகியிருந்த தாள்.

"பிள்ளை, உதை உப்பிடியே குடுக்கப் போறியே?"

"ஓம். எல்லாரும் உப்பிடித்தான் எழுதினவை."

"மற்றவை எழுதினா எழுதட்டும். கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு. ஒரு பெரிய மனுசனுக்குக் குடுக்கிற கொப்பி எண்டா அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆய்வுகூடத்தில் தனித் தாள்களில் எழுதுவேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு நல்ல கொப்பியில் ஏற்றுவேன். நீல மை, தலைப்புகளுக்குச் சிவப்பு, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு, நாலு பக்கமும் ஓரம். கொப்பிக்குப் பழுப்புத்தாள் உறை போட்டுத் தந்தவரும் அப்பாதான். கடைசியில் ஒத்துப் பார்த்தல். அது கச்சேரிப் பழக்கம். அவர் றஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை உரக்க வாசிப்பார். நான் நல்ல கொப்பியில் விரல் வைத்து "சரி", "சரி" என்று சொல்லவேண்டும். இருபத்திரண்டு தசம் நாலு. சரி. இருபத்திரண்டு தசம் ஆறு. சரி. ஒரு எண்ணையும் விடமாட்டார். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற மனிதர் கண்ணைக் கசக்கிக் கசக்கி வாசித்தார். பார்த்தால் பாவமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஒத்துப் பார்த்து முடிந்த றஃப் தாள்கள் அம்மாவிடம் போகும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா வடை சுடுவா. ஊரில் என்றால் வீரகேசரிப் பத்திரிகையில் போட்டு எண்ணெய் வடிப்பா. இங்கே வாசலில் வந்து விழுவது கடைகளின் விளம்பரத் தாள். வழுவழுவென்று இருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் உறிஞ்சாது. என் றஃப் தாள் நன்றாக உறிஞ்சும் என்று அம்மாவுக்குப் பெரிய சந்தோசம்.

ஆய்வுகூடம் எனக்குப் பிடித்த இடம். அதைச் சொல்லாமல் விட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. வாயு அடுப்பு பற்றும்போது வரும் 'புஃப்' சத்தம். வினாகிரி மாதிரி மூக்கில் ஏறும் மணம். நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்போம், ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது, பிறகு ஒரே ஒரு சொட்டில் முழுக் குடுவையும் ரோசா நிறமாகிவிடும். அந்த ஒரு சொட்டுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவள் ஒரு கிரேக்கப் பிள்ளை. தலைமயிரை எப்போதும் ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருப்பாள். நான் சொட்டு விட, அவள் எண்ணை வாசிப்பாள், இருவரும் எழுதுவோம். அவள் தன் கொப்பியிலேயே நேரே எழுதினாள். வெட்டினாள், கிறுக்கினாள், ஒரு பக்கத்தில் கோப்பிக் கோப்பையின் வட்டம்கூட இருந்தது.

கார்த்திகையில் வாத்தியார் கொப்பிகளை முதன்முறை பார்த்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட், கடுகு நிறத்தில் ஒரே சுவெற்றர். என் கொப்பியை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். ஒரு கொப்பி எப்படி இருக்கவேண்டும் என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் பக்கத்தில் 'மிக அழகு' என்று பச்சை மையில் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருந்தார். வீட்டில் அப்பா அந்தப் பச்சை மையை இரண்டு நாள் மேசையில் திறந்து வைத்திருந்தார்.

ஆனி மாதம் முடிவு வந்தது. எழுத்துப் பரீட்சையில் எழுபதுக்கு அறுபத்தொன்று. ஆய்வுகூடக் கொப்பிக்கு முப்பதுக்குப் பூச்சியம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதே பச்சை மையில், இந்த எண்கள் ஆய்வுகூடத்தில் எழுதப்பட்டவை அல்ல, பின்னர் இட்டுக்கட்டப்பட்டவை என்று ஒரு வரி.

அறுபத்தொன்று என்றால் பள்ளிக்கூடத்துக்குத் தேர்ச்சி, கல்லூரிக்கு ஒன்றுமில்லை. அதையாவது தாங்கலாம். என்னைப் பொய்க்காரி என்று எழுதியிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் போய் நின்றேன். வாத்தியார் பலகையை அழித்துக்கொண்டே பேசினார். ஆய்வுகூடக் கொப்பியில் உள்ளதை உள்ளபடி அந்த இடத்திலேயே எழுதவேண்டும், பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டவேண்டும், அதுதான் விஞ்ஞானம், இப்படி அடித்தல் திருத்தல் இல்லாத கொப்பியை எந்த மனிதரும் ஆய்வுகூடத்தில் எழுதியிருக்க முடியாது என்றார். வருடத் தொடக்கத்தில் தந்த விதிகள் தாளில் அது இருந்ததாம். இருக்கவில்லை. அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை, ஆனால் அதில் இருந்த ஒன்பது விதியும் எனக்கு இன்றைக்கும் பாடம். சுத்தமாக எழுதவேண்டும் என்பது நாலாவது விதி.

"அப்படியென்றால் கார்த்திகையில் மிக அழகு என்று ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"அப்போது நான் கவனித்துப் பார்க்கவில்லை" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை. அவர் கவனிக்காததற்கும் பூச்சியம் எனக்கு.

என் மேசைக்காரியின் கொப்பியைப் பாருங்கள், அதிலும் இதே எண்கள்தான், நாங்கள் சேர்ந்து செய்தது என்றேன். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ஆம், ஒரே எண்கள்தான். அப்படியானால் நீ அவளுடையதைப் பார்த்து எழுதியிருக்கிறாய்" என்றார். அந்தப் பிள்ளைக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு. சொட்டு விட்டது என் கை. இப்போது இதை எழுதும்போதும் எனக்கு விசர் வருகிறது.

அந்தக் கிரேக்கப் பிள்ளையைப் பேருந்துத் தரிப்பில் பிடித்தேன். வந்து ஒரு வார்த்தை சொல், நாங்கள் சேர்ந்துதான் செய்தோம் என்று சொல் என்றேன். பென்சிலைத் தலையிலிருந்து உருவி, திரும்பக் குத்தி, சப்பாத்தைப் பார்த்தாள்.

"நான் வாயைத் திறந்தால் என்னுடையதையும் குறைத்துவிடுவார். எனக்கும் எழுபத்தைந்து வேண்டும்" என்றாள். குறைந்தபட்சம் உண்மையைச் சொன்னாள். பேருந்தில் அவள் முன்னுக்கு இருந்தாள், நான் பின்னுக்கு.

வீட்டில் றஃப் தாள்களைத் தேடினேன். அம்மா கையைப் பிசைந்தா.

"உது தேவைப்படும் எண்டு ஆர் கண்டது? முடிஞ்ச தாள் எண்டுதானே தந்தனி."

குசினி அலுமாரியின் அடியில், வடைச் சட்டிக்குக் கீழே மூன்று தாள்கள் கிடைத்தன. எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன, ஆனால் எண்கள் அப்படியே தெரிந்தன, வெட்டியது, அம்புக்குறி, அமிலக் கறை எல்லாம். பிளாஸ்டிக் பையில் போட்டு அடுத்த நாளே கொண்டுபோனேன். வாத்தியார் இரண்டு விரல் நுனியால் ஒன்றைத் தூக்கினார். மூக்கைச் சுளித்து, இது என்ன மணம் என்று கேட்டார். பெருஞ்சீரகத்துக்கு ஆங்கிலத்தில் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. "சாப்பாடு" என்றேன். தாளைக் கீழே வைத்துவிட்டுக் கடதாசிக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. இதை நேற்றுக்கூட எழுதியிருக்கலாம் என்றார். நேற்று எழுதிய தாளில் ஆறு மாத எண்ணெய் எப்படி ஊறும் என்று கேட்டிருக்கவேண்டும். அது எனக்கு எப்போது தோன்றியது தெரியுமா? முப்பது வருடம் கழித்து, ஒரு சமிக்ஞை விளக்கில் காரை நிறுத்தியிருக்கும்போது.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தின் துணை அதிபர், ஒரு பெண்மணி, ஒரு படிவம் தந்தா. மறுபரிசீலனைக்கு எழுதிக் கேட்டால் வேறொரு ஆசிரியர் கொப்பியைப் பார்ப்பார், மேசைக்காரியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பத்து நாளுக்குள் கொடுக்கவேண்டும். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஒரேயொரு கையெழுத்து.

அப்பா படிவத்தை இரண்டு முறை வாசித்தார். கலண்டருக்குப் பின்னால் செருகினார். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. அப்போது நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத்துக்குக் காத்திருந்தோம். அரசாங்கம் என்றால் எல்லாம் ஒரே அலுமாரி என்பது அப்பாவின் நினைப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு கோப்புத் திறந்தால் அது நடந்து நடந்து குடிவரவுக் கந்தோருக்குப் போய்விடும் என்று பயந்தார்.

"மாஸ்டரோட மல்லுக்கட்டினவை எண்டு எங்கட பேரில ஒரு கரும்புள்ளி விழக்கூடாது" என்றார்.

"ஏற்கெனவே விழுந்திட்டுதே அப்பா. என்ர கொப்பியில எழுதிக் கிடக்கு."

"நான் வந்து கதைக்கிறன்."

கதைக்கிறன் என்றதும் நான் அவ்வளவு சந்தோசப்பட்டேன். அரைநாள் லீவு எடுத்து, அகதி விசாரணைக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா ஒரு பெட்டியில் பயத்தம் பணியாரமும் கட்டிக் கொடுத்திருந்தா. துணை அதிபரின் அறை வாசலில் என்னைப் பார்த்து, "நீ வெளியில இரு" என்றார்.

கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதனூடாகப் பார்த்தேன். துணை அதிபர் கதிரையைக் காட்டினா, அப்பா உட்காரவில்லை. வாத்தியார் உட்கார்ந்தபடி ஏதோ சொன்னார், அப்பா தலையாட்டினார். இன்னொன்று சொன்னார், அதற்கும் தலையாட்டினார். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, என் அப்பா அந்தப் பெப்பர்மிண்ட்காரருக்கு முன்னால் நின்றார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கோபப்பட்டது கிடையாது. பிறகு துணை அதிபர் ஒரு தாளைத் தட்டெழுத்தில் அடித்து நீட்டினா. அப்பா சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பணியாரப் பெட்டி மேசையின் ஓரத்தில் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"படிவத்தைக் குடுத்தனீங்களே?"

"இல்லை. வேற ஒரு தாள் தந்தவை. மறுபரிசீலனை கேக்கேல்லை எண்டு எழுதி வாங்கிப்போட்டு, இதைப்பற்றி உன்ர கோப்பில ஒண்டும் வைக்கமாட்டம் எண்டு சொன்னவை. சரியெண்டு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வச்சிட்டு வந்தனான். முடிஞ்சுது."

"என்னத்துக்கு மன்னிப்பு?"

"ஒரு சொல்லுத்தானே பிள்ளை. சொன்னால் குறைஞ்சு போறமே."

"நான் களவு செய்யேல்லை. உங்களுக்குத் தெரியும். பக்கம் பக்கமா நீங்கள்தானே ஒத்துப் பாத்தனீங்கள். நீங்கள்தான் சாட்சி அப்பா."

அப்பா காரை எடுக்கவில்லை. சாவியைப் பிடித்தபடி இருந்தார்.

"ஓம். எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சபடியால்தான் சொல்லுறன், எங்களுக்குள்ள தெரிஞ்சால் காணும்."

காணாது, போதாது என்று கத்தினேன். உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். கார்க்கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன, வெளியே பிள்ளைகள் பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வகுப்பிலிருந்து இரசாயனத்தைத் திரும்பப் படித்தேன், தெரிந்த பாடத்தையே ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிரேக்கப் பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருந்தாள். நடைக்கூடத்தில் கண்டால் கையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே இரண்டு எண்ணைப் பிழையாக எழுதி வெட்டுவேன், உண்மைபோலத் தெரியவேண்டுமே என்று. இரண்டாம் வருடம் விஞ்ஞானத்தையே விட்டுவிட்டேன். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று வீட்டில் சொன்னேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. குடியுரிமை நேர்முகத்தில் அந்த அதிகாரி அப்பாவிடம் கேட்டது கனடாவில் எத்தனை மாகாணம் என்று. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பழைய மாணவர்கள் விரும்பினால் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கலாம் என்று அறிவித்தார்கள். எழுதிப் போட்டேன். ஒரு கடித உறை வந்தது. தடுப்பூசி அட்டை, வரவுப் பதிவு, புள்ளித்தாள்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தட்டெழுத்துத் தாள் இருந்தது. ஆய்வுகூட எண்களை மாணவி இட்டுக்கட்டியதை அவரது தந்தை ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கோரினார், மறுபரிசீலனை கோரவில்லை என்று எழுதியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து, கச்சேரிக் கையெழுத்து, அச்சடித்தமாதிரி. கோப்பில் ஒன்றும் வைக்கமாட்டோம் என்று சொல்லி வாங்கிய அந்தத் தாளையே கோப்பில் வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. காட்டாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லப்போகிறீர்கள். என் தங்கமான மனிதர்களே, நான் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவசரப்படவில்லை. ஒரு முறை முடித்து, திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

"உதை ஆரும் எங்கையும் கேட்டவையே?"

"இல்லை."

"கல்லூரியில?"

"இல்லை."

"வேலைக்குப் போகேக்க? குடியுரிமைக்கு?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, அப்பா. ஒருத்தரும் திறந்தும் பாக்கேல்லை."

தாளை மடித்தார். மடிப்பை நகத்தால் இரண்டு முறை அழுத்தினார்.

"அப்ப நான் உன்ர புள்ளியைச் சும்மா தூக்கிக் குடுத்திட்டு வந்திருக்கிறன்."

வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டவர். கந்தோர்களில், வங்கியில், பேருந்தில் தன்னை இடித்தவனிடம்கூட மன்னிப்புக் கேட்டவர். என்னிடமும் கேட்பாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடி இருந்தார். பரவாயில்லை அப்பா என்று நான் சொல்லவேண்டும், அதற்குத்தான் காத்திருந்தார். அது என் வாய்வரைக்கும் வந்தது.

"ஓம்" என்றேன்.